ஒன்பதாம் மாதத்தை ஏற்றாத விமானம்

ராயபுரம், திருப்பூர்
14.9.2008, ஞாயிறு

அன்பு மகள் வேல்விழிக்கு அம்மா எழுதுவது. மாரியம்மன் புண்ணியத்தில் இங்கே நானும் அப்பாவும் நலம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் உன் வயிற்றில் இருக்கிற சின்ன ஆளும் மூன்று பேருமாக நலமாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு எழுதுகிறேன். போன வாரம் நீ போனில் வர வேண்டாம்மா என்று சொல்லி வைத்த பிறகு நான் ஐந்து தடவை கூப்பிட்டேன், ஐந்து தடவையும் மாப்பிள்ளைதான் எடுத்தார், அத்தை, அவ இப்பத்தான் கண்ணசந்தா என்றார். எட்டு மாதம் தாண்டிய பிள்ளைத்தாய்ச்சி தூங்க வேண்டியதுதான், நான் குறை சொல்லவில்லை, ஆனால் திருப்பூரிலிருந்து மணி அடித்தால் மட்டும் சிங்கப்பூரில் உனக்குத் தூக்கம் வருவது என்ன மருத்துவமோ தெரியவில்லை. மாப்பிள்ளை முனீசும் பாவம், பொய் சொல்லத் தெரியாத பிள்ளை, தூங்குகிறாள் என்று சொல்லும்போதே பின்னால் நீ பாத்திரத்தை ணங்கென்று வைக்கிற சத்தம் கேட்கிறது. அதனால்தான் கடிதம். போனை வைத்துவிடலாம், கடிதத்தைக் கிழிக்கத்தான் முடியும், நீ படிக்காமல் எதையும் கிழிக்க மாட்டாய் என்பது எனக்குத் தெரியும். தபாலில் போட்டால் ஒரு வாரமோ பத்து நாளோ, அதனால் எதிர் வீட்டு மீரா சாகிப் பாயின் மகன் கலீல் வியாழக்கிழமை அங்கே துணி விஷயமாக வருகிறான், அவன் கையில் கொடுத்துவிடுகிறேன். பிரசவ மருந்துப் பொடியும் ஊத்துக்குளி நெய்யும் கொடுக்கிறேன் என்றதற்கு, நெய் சரிங்கம்மா, பொடின்னா ஏர்போர்ட்ல என்னைய உக்கார வச்சுருவாங்க என்று பயந்துவிட்டான். பொடி எப்படி வருகிறது என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

நாலேகால் மணி நேரம். இந்த வார்த்தையைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காதே புளித்துப் போய்விட்டது. உன்னைப் பெண் கேட்டு அருப்புக்கோட்டையிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்தபோது, சிங்கப்பூரா, அவ்வளவு தூரமா என்று நான் வாயைத் திறந்ததும் உன் அப்பா என்னைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு இன்னும் கண்ணில் நிற்கிறது. ஏ புள்ள, அருப்புக்கோட்டைக்குப் போக பஸ்ல ஏழு மணி நேரம், சிங்கப்பூருக்கு பிளேன்ல நாலேகால், எது தூரம்னு நீயே சொல்லு என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள், நானும் ஆட்டினேன். இருபத்திரண்டு வருஷமாக எக்ஸ்போர்ட் கம்பெனியில் பேக்கிங் பார்க்கிற மனிதர், எந்த ஊருக்கு எத்தனை மணி நேரத்தில் விமானம் போகும் என்று கேட்டால் தூக்கத்திலும் சொல்லுவார், மூவாயிரம் கிலோமீட்டர் சொச்சம் என்று தூரமும் சேர்த்துச் சொல்லுவார். ஆனால் அவர் அனுப்பிய அட்டைப் பெட்டிகள்தான் ஆகாயத்தில் பறந்தன, அவர் இதுவரைக்கும் விமானத்தின் வாலைக்கூடக் கிட்டத்தில் பார்த்ததில்லை. நீ திருச்சியில் ஏறிப்போன அன்றைக்கும் கண்ணாடிக்கு இந்தப் பக்கம்தான் நின்றோம். அதன் பிறகு கோயம்புத்தூரிலிருந்தே நேராக விமானம் விட்டுவிட்டார்கள், அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை, தெருவில் போகிறவரையெல்லாம் நிறுத்தி, மகள் பக்கத்தில் வந்துவிட்டாள் என்று சொன்னார். பக்கத்தில் வந்த மகளைப் பார்த்து இந்த மாதத்தோடு இருபது மாதம் ஆகிறது. அருப்புக்கோட்டைக்கு அதற்குள் ஒன்பது தடவை போய் வந்துவிட்டோம், ஏழு மணி நேரத் தூரம் என்பதால் போலிருக்கிறது.

உன் கோபம் எங்கே தொடங்கியது என்று எனக்குத் தெரியாமல் இல்லை. தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான், அதில் யாருக்கும் இரண்டு பேச்சு கிடையாது. எப்போது அழைத்து வருவது என்பதில்தான் ஊர் கூடியது. ஜூலை மாதம், உனக்கு ஏழு நடக்கும்போது, உன் மாமனார் காசிமாயனும் உன் அத்தையும் அருப்புக்கோட்டையிலிருந்து இங்கே வந்து உட்கார்ந்தார்கள். எங்க வகையறாவுல ஒம்பதாம் மாசம்தான் வளையல் போட்டு அனுப்புறது வழக்கம், ஏழுல யாரும் அனுப்ப மாட்டோம், அடுத்தாப்புல ஆடி வேற வருது என்றார் உன் அத்தை. ஒன்பதாம் மாதம் ஆவணியில் விழுகிறது, புதன்கிழமை நல்ல நாள் என்று உன் மாமனார் காலண்டரைக் கிழிக்காத குறையாகப் புரட்டி, செப்டம்பர் பத்தாம் தேதியைக் குறித்துக் கொடுத்தார். வளைகாப்பை இங்கே வந்த பிறகு வைத்துக்கொள்ளலாம், அனுப்புகிற மாதம் மட்டும் மாறக்கூடாது என்பது பேச்சு. அப்பாவும் சரி என்றார். ஆவணி மாதம், புதன்கிழமை, சுப ஓரை எல்லாம் பார்த்தோம், விமானக்காரனைப் பார்க்க மட்டும் ஒருவருக்கும் தோன்றவில்லை. நம் பாட்டிமார் காலத்தில் ஒன்பதாம் மாதத்தில் மாட்டு வண்டி ஏற்றி அழைத்து வந்தார்கள், மாடு எத்தனை வாரம் என்று கேட்டதில்லை.

விமானக்காரன் கேட்டான். ஆகஸ்ட் முப்பத்தொன்றாம் தேதி ஞாயிற்றுக்கிழமை, அப்பா வெள்ளை வேட்டி கட்டிக்கொள்ள, இருவருமாக டிக்கெட் எடுக்க வேலுமணி கடைக்குப் போனோம், பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் டிராவல்ஸ் வைத்திருக்கிற தம்பி. தட்டில் வெற்றிலை பாக்கு மட்டும்தான் இல்லை, மற்றபடி நிச்சயதார்த்தம் மாதிரியே போனோம். வேலுமணி எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு, ஏனுங்க, பாப்பாவுக்கு எத்தன வாரமுங்க என்று கேட்டான். உன் அப்பா பெருமையாக, ஒன்பதாவது மாதம், அதனால்தான் அழைத்து வருகிறோம் என்றார். அந்தத் தம்பி பேனாவைக் கீழே வைத்துவிட்டான். அண்ணா, நீங்க சொல்ற தேதிக்கு முப்பத்தாறு வாரம் தாண்டீருமுங்க, ஒம்பதாம் மாசத்துப் புள்ளத்தாச்சிய எந்த பிளேன்லயும் ஏத்த மாட்டாங்க, ஏழாம் மாசமே கூட்டியாந்திருக்கோணுமுங்க என்றான். அப்பா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். பிறகு, நாலேகால் மணி நேரம்தானே தம்பி என்று ஏதோ பேரம் பேசுகிற குரலில் கேட்டார். வேலுமணிக்குச் சிரிப்பு வந்திருக்கும், அடக்கிக்கொண்டு, நாலு நிமிசமா இருந்தாலும் அதேதானுங்க என்று சொன்னான். இந்தத் தொழிலில் ஒரு பிள்ளைக்குத் தெரிந்திருக்கிற விஷயம், நாலு பெரியவர்கள் கூடி உட்கார்ந்து பேசிய வீட்டில் தெரியாமல் போனது. உன் அத்தைக்குப் போன் செய்து சொன்னதற்கு, அதெப்புடி, வழக்கம்னு ஒன்னு இருக்குன்னு அவங்கிட்ட சொல்ல வேண்டியதுதான என்றார். சொல்லிப் பார்த்திருக்கலாம்தான், விமானக் கம்பெனியும் அருப்புக்கோட்டை வகையறா என்றால் ஒருவேளை கேட்டிருக்கும்.

மகள் வர முடியாவிட்டால் தாய் போக வேண்டும், அது அன்றைக்கே முடிவாகிவிட்டது. பாஸ்போர்ட் உன் கல்யாணத்தோடு எடுத்து பீரோவில் துணிக்கடியில் தூங்குகிறது, விசாவுக்கு மாப்பிள்ளை தாள் அனுப்பிவிட்டார். இனி எல்லாம் சுலபம் என்று நினைத்தேன், டிக்கெட் எடுக்கிற வேலையை அப்பாவிடம் விட்டதுதான் நான் செய்த தப்பு. போன திங்கட்கிழமை மாலை கம்பெனியிலிருந்து வரும்போது டிக்கெட்டை சாமி படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டுவிட்டு என் கையில் கொடுத்தார். நான் ஒன்பதாவதுதான் படித்தேன் என்றாலும் பனியன் கம்பெனிச் செக்கிங்கில் உட்கார்ந்து பதினாறு வருஷமாகப் பெட்டி லேபிள் பார்க்கிறவள், தேதி மட்டும் எந்த மொழியில் இருந்தாலும் படித்துவிடுவேன். அக்டோபர் பத்து என்று போட்டிருந்தது. உனக்கு டாக்டர் குறித்துக் கொடுத்தது அக்டோபர் நாலு. என்னங்க இது, பிள்ளை பிறந்து ஆறு நாள் கழித்துப் போய் நான் என்ன வேடிக்கை பார்க்கவா என்று கேட்டேன். அதற்கு உன் அப்பா சொன்ன பதிலை நீ உட்கார்ந்துகொண்டு படி. ஏ புள்ள, டியூ டேட்டுன்னா என்னன்னு உனக்குத் தெரியாதா, இருவத்திரண்டு வருசத்துல ஒரு சரக்காவது சொன்ன தேதிக்குப் போயிருக்கா, சரக்கு வாங்குற பையர் ஒரு தேதி போடுவான், நாம தள்ளிப் போட ஒரு எக்ஸ்டென்ஷன் வாங்குவோம், அதுலயும் ஒரு வாரம் தள்ளித்தான் பெட்டி ஏறும், முதல் பிரசவம் எப்படியும் பத்து நாள் தள்ளும், ஆயுத பூசையும் முடிஞ்சிரும், ஜெர்மனி ஷிப்மென்டும் முடிஞ்சிரும், நீ நிம்மதியாப் போகலாம் என்றார். கேலிக்குச் சொல்லவில்லை மகளே, மெய்யாகவே கணக்குப் போட்டுத்தான் எடுத்திருக்கிறார். திருப்பூரில் இருக்கிறவனுக்குத்தான் இந்த மூளை வரும். டாக்டர் கொடுத்த தேதிக்கும் எக்ஸ்டென்ஷன் எழுதி வாங்கலாம் என்று நினைத்த ஒரே தாத்தா நம் வீட்டில்தான் இருப்பார்.

அந்த டிக்கெட்டைத்தான் அடுத்த நாள் போனில், நானும் கேட்கும்படி ஸ்பீக்கரைப் போட்டு, உனக்கு அவர் சந்தோஷமாகப் படித்துக் காட்டினார். நீ தேதியை இன்னொரு தடவை படிக்கச் சொன்னாய். அப்புறம், நாலு மணி நேரத் தூரத்தை உங்களால ஒன்பது மாசமாத் தாண்ட முடியல, நீங்க வர வேண்டாம்மா, நான் பாத்துக்கறேன் என்று சொல்லி வைத்துவிட்டாய். அப்பா போனைக் கையில் பிடித்துக்கொண்டு, லைன் கட்டாயிருச்சு போல என்றார். கட்டானது லைன் இல்லை என்று எனக்குத் தெரிந்தது. அதற்கு அப்புறம் எனக்கு இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. வேலையிலும் கவனமில்லாமல் ஓட்டை விழுந்த பனியனையெல்லாம் சரி என்று தள்ளிவிட்டு, சூப்பர்வைசரிடம் பேச்சு வாங்கினேன். நம் காம்பவுண்டு ராமாத்தாள் அக்கா என் முகத்தைப் பார்த்துவிட்டு, ஏங்கண்ணு, ஊட்ல எதுனா ஆயிப்போச்சா என்று கேட்டார். ஒன்றுமில்லை, மகள் தூங்குகிறாள் என்று சொன்னேன்.

இவ்வளவு நேரம் அப்பாவையும் உன் அத்தையையும் கேலி செய்து எழுதிக்கொண்டே வந்தேன், படிக்கிற நீயும் சிரித்திருப்பாய், சிரிக்காமல் இருந்தால் என் மகள் இல்லை. ஆனால் கேலி செய்கிற வாய்க்கு ஒரு வசதி உண்டு, தன் பேரைச் சொல்லாமலே கதையை முடித்துவிடலாம். நான் அப்படி முடிக்கப் போவதில்லை. ஜூன் மாதம் ஒரு நாள் நீ போன் செய்து, அம்மா, நான் இப்பவே கிளம்பி வந்துரட்டுமா, இங்க பகலெல்லாம் தனியா இருக்கேன், சுவரைப் பாத்துப் பேசுறேன் என்று கேட்டாய். ஒரே ஒரு தடவைதான் கேட்டாய். அப்போது எந்த மாமனாரும் காலண்டர் புரட்டவில்லை, எந்த விமானக்காரனும் தடுக்கவில்லை, அப்பா கம்பெனியில் இருந்தார். நான் ஒருத்திதான் இருந்தேன். பெரியவங்க பேசி முடிவு பண்ணட்டும், ஒம்பதாம் மாசம் வா கண்ணு, அதுதான் முறை என்று சொன்னேன். முறை என்பதற்காகச் சொல்லவில்லை. ஆறாம் மாதமே மகள் வந்து உட்கார்ந்தால் காம்பவுண்டில் பத்துப் பேர் கேட்பார்கள், மாப்பிள்ளையோட சண்டையா, அனுப்பி வச்சுட்டாங்களா என்று. அந்தப் பத்துப் பேருக்குப் பதில் சொல்லச் சோம்பல்பட்டுக்கொண்டு உன்னை அங்கேயே சுவரோடு பேச விட்டேன். ஜூலையில் எல்லோரும் கூடி உட்கார்ந்தபோதும், உன் அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார், நீ என்ன சொல்ற என்று. நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் என் பக்கம் நின்றிருப்பார். பெரியவங்க சொன்னாச் சரிதான் என்றேன். அந்தப் பத்துப் பேரில் ஒருத்தராவது பின்னால் கேட்டார்களா என்று பார்த்தால், ராமாத்தாள் அக்கா ஒருவர்தான் கேட்டார், அவர் கேட்டது, புள்ளய ஏனுங்கண்ணு இன்னும் கூட்டியாரல என்று. நாலேகால் மணி நேரத் தூரத்தைப் பெரிதாக்கியது நான்தான் மகளே. என்னை மன்னித்துவிடு என்று எழுதக் கை கூசுகிறது, தாய் மகளிடம் கேட்கக்கூடாது என்பார்கள், அதுவும் ஒரு முறைதானே, அதையும் இன்றைக்கு மீறிவிடுகிறேன். மன்னித்துவிடு.

வியாழக்கிழமை செக்கிங்கில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு நான் தனியாக வேலுமணி கடைக்குப் போனேன். அப்பாவிடம் சொல்லவில்லை. தம்பி, இந்தத் தேதி வேண்டாம், இதற்கு முன்னால் எந்த நாள் கிடைத்தாலும் கொடு என்றேன். கம்ப்யூட்டரைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு, இருவத்தி மூணாந்தேதி ஒரு சீட்டு இருக்குதுங்கக்கா, ஆனா செவ்வாக்கெழமைங்க, வேண்டாமுங்களே என்று அவனாகவே எனக்காகப் பயந்தான். செவ்வாயோ வெறுவாயோ என்று நானே எத்தனை பேரை வாசலில் நிறுத்தியிருப்பேன். அதுவும் புரட்டாசி, மாளய பட்சம், உன் அத்தைக்குத் தெரிந்தால் போன் கொதிக்கும். கிழமையெல்லாம் பார்த்துத்தான் தம்பி இங்கே வந்து நிற்கிறேன், எழுது என்றேன். எழுதிவிட்டான்.

அப்பாவிடம் அன்று மாலை டிக்கெட்டைக் கொடுத்தேன். தேதியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடியும் தேதியைப் பார்த்தார். ஜெர்மனி ஷிப்மென்டுக்கு அப்பத்தான் பெட்டி போடணும், எனக்கு யாரு சோறு போடுவா என்று ஒரு வார்த்தை கேட்பார் என்று காத்திருந்தேன், கேட்கவில்லை. மறுநாள் கம்பெனியிலிருந்து டேப்பும் கயிறும் கொண்டு வந்து என் சூட்கேஸை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்டார். கருப்பட்டி, சுக்கு, மருந்துப் பொடி, பழைய வேட்டித் துணியில் கிழித்த குழந்தைத் துண்டுகள், எல்லாவற்றையும் எடுத்து வைத்து, ஒவ்வொன்றுக்கும் எத்தனை உருப்படி, எவ்வளவு எடை என்று எழுதி மூடியின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறார். பொடிக்கு வேலுமணி யாரையோ பிடித்து நாட்டு மருந்துக் கடை ரசீதும் ஆங்கிலத்தில் ஒரு தாளும் வாங்கிக் கொடுத்திருக்கிறான், அதனால் பொடி என்னோடு வருகிறது, என்னை உட்கார வைத்தால் உட்கார்ந்து எழுந்து வருகிறேன். சூட்கேஸின் வெளிப்பக்கம் பெரிய எழுத்தில் உன் பேர், உன் பிளாக் நம்பர், சிங்கப்பூர், அதற்குக் கீழே பழக்க தோஷத்தில் இந்தப் பக்கம் மேலே என்று ஒரு அம்புக்குறி. பிறகு அதைத் தோளில் வைத்துக்கொண்டுபோய்க் கம்பெனித் தராசில் எடை பார்த்துவிட்டு வந்தார். அவருக்கு உன்னிடம் என்ன சொல்வது என்று தெரியவில்லை, அவருக்குத் தெரிந்த வேலையைச் செய்துகொண்டிருக்கிறார். நீ அவர்மேல் கோபப்படாதே. உன் குழந்தைக்கு எக்ஸ்டென்ஷன் வாங்கப் பார்த்த மனிதர்தான், ஆனால் பதினேழு கிலோ பெட்டியில் அவர் விட்டுவைத்தது ஒன்றும் இல்லை.

உடம்பைப் பார்த்துக்கொள். குனிந்து வாளி தூக்காதே, லிப்டு இருக்கிறதென்று அடிக்கடி கீழே இறங்காதே, இரவு இடது பக்கமாகப் படு. வலி என்று சந்தேகம் வந்தாலே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிடு, நான் வரட்டும் என்று காத்திருக்காதே. வயிற்றில் கை வைத்து நீயே சொல்லிவை, அம்மாச்சி இருபத்து மூன்றாம் தேதி கிளம்புகிறாள், கொஞ்சம் பொறுத்துக்கொள் என்று. கேட்கிற பிள்ளையாக இருந்தால் கேட்கும், நம் வீட்டுப் பிள்ளையாக இருந்தால் சந்தேகம்தான். விமான நிலையத்துக்கு நீ வரக்கூடாது, மாப்பிள்ளை வந்தால் போதும்.

ஒன்று மட்டும் நினைவில் வை. நீ வர வேண்டாம் என்று சொன்னது எனக்கு நன்றாகக் காதில் விழுந்தது, தெரியாமல் வருகிறேன் என்று நினைக்காதே, தெரிந்துதான் வருகிறேன். கோபம் தீரட்டும், அப்புறம் கதவைத் திறக்கிறேன் என்று மட்டும் இருந்துவிடாதே. கோபத்தோடேயே வந்து திற. உள்ளே வந்து உட்கார்ந்த பிறகு என்னைத் திட்டு, அந்தச் சுவரிடம் சொன்னதையெல்லாம் என்னிடம் சொல்லு, பிள்ளை வருகிறவரைக்கும் எனக்கு வேறு வேலை இல்லை.

நீயும் மாப்பிள்ளையும் பதினாறும் பெற்று நல்லபடியாக இருக்க வேண்டும், சுகப்பிரசவம் ஆக வேண்டும் என்று கும்பிட்டுத் திருநீறு மடித்து இதோடு வைத்திருக்கிறேன். நெற்றியிலும் வயிற்றிலும் பூசிக்கொள்.

உன் வாசலுக்கு வந்துகொண்டிருக்கிற அம்மா,
பாண்டியம்மாள் குருசாமி